கோதுமையை நிறுத்திய பிறகும் வயிறு ஏன் சரியாகவில்லை?

சீலியாக் நோய் என்று உறுதியாகிக் கோதுமையை அறவே நிறுத்தி ஐந்து வாரங்கள் ஆகியும் வயிற்று உப்புசமும் இடையிடையே பேதியும் விடவில்லை என்றும், மூன்று வேளையும் அரிசி உண்பது ஒத்துக்கொள்ளவில்லையோ என்றும் கேட்டிருக்கிறீர்கள். அரிசியின் மீது பழி போடாதீர்கள். தில்லியில் மயூர் விகாரில் வசிக்கும் எனக்கு 2018-இல் இதே நோய் கண்டுபிடிக்கப்பட்டபோது, நானும் இரண்டாவது மாதத்தில் இதே சந்தேகத்துடன் அழாத குறையாக மருத்துவர் முன் உட்கார்ந்திருந்தேன்.

கோதுமை, பார்லி ஆகியவற்றில் உள்ள குளூட்டன் என்னும் புரதத்தால் தூண்டப்பட்டு, நம் உடலின் எதிர்ப்பாற்றலே சிறுகுடலின் உட்சுவரில் உணவுச் சத்தை உறிஞ்சும் விரல் போன்ற நுண்ணிய குடலுறிஞ்சிகளைச் சிதைத்து விடுவதுதான் இந்த நோய். குளூட்டனை நிறுத்தினால் அந்தச் சிதைவு நிற்கும். ஆனால் சிதைந்தவை மீண்டும் வளர, பெரியவர்களுக்குப் பல மாதங்களும் சிலருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேலும்கூட ஆகும். பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்க வைக்கும் லாக்டேஸ் நொதி அந்தக் குடலுறிஞ்சிகளின் நுனியில்தான் சுரக்கிறது என்பதால், அவை தேறும் வரை பால் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய் அங்கே நொதித்து, வாயுவையும் பேதியையும் உண்டாக்கும். காலையில் பராத்தாவை விட்டுவிட்டுப் பால் ஊற்றிய கேழ்வரகுக் கஞ்சியும், அதற்கு மேல் மூன்று வேளை காப்பியும் குடித்து வந்த நான், உணவியல் ஆலோசகர் சொன்னபடி பாலை நிறுத்திய பத்து நாட்களில் உப்புசம் பாதியாகக் குறைந்ததைக் கண்டேன். தயிரில் அந்தச் சர்க்கரை ஓரளவு குறைந்திருப்பதால், சிறிது தயிர் சாதம் மட்டும் எனக்கு ஒத்துக்கொண்டது. எட்டு மாதங்களுக்குப் பிறகு காப்பி மறுபடியும் என் வாழ்க்கைக்குள் வந்தது.

இரண்டாவது காரணம், நமக்குத் தெரியாமல் வயிற்றுக்குள் போகும் கோதுமை. நம்மைப் போன்ற தமிழ் வீடுகளில் இதை மிகவும் கவனமாகத் தேட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம், ஏனென்றால் ரொட்டியை விட்டுவிட்டோம் என்ற நிம்மதியில் நாம் சமையலறை அலமாரியைத் திறந்து பார்ப்பதே இல்லை. கடைகளில் விற்கும் கூட்டுப் பெருங்காயம் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்து செய்யப்படுவது. நான் நாள்தோறும் சாம்பாரிலும் ரசத்திலும் மோரிலும் அதைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன், டப்பாவின் பின்புறம் சிறிய எழுத்தில் அது அச்சிடப்பட்டிருந்தும் நான்கு மாதங்கள் என் கண்ணில் படவில்லை. அரிசி மாவு சேர்த்துச் செய்த பெருங்காயமும் கிடைக்கிறது. அடுத்தது சக்கி என்னும் மாவு மில்: தில்லியில் தெருவுக்குத் தெரு கோதுமை அரைக்கும் அதே இயந்திரத்தில்தான் கடலை மாவும் கேழ்வரகும் அரைத்துத் தருகிறார்கள், முந்தைய மாவின் மிச்சம் நம் மாவில் கலந்துவிடும். நவராத்திரி விரதத்துக்கு விற்கும் குட்டு (பக்வீட்) மாவு இயல்பில் குளூட்டன் இல்லாததுதான் என்றாலும், இந்தக் கலப்பு அதற்கும் நேரலாம். குளூட்டன் அற்றது என்று அச்சிட்டு விற்கும் பொருளில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி, ஆகவே மாவு வாங்கும்போது அந்தக் குறிப்பைப் பார்த்தே வாங்குங்கள். ரவை தோசையும் கோதுமை தோசையும் வார்க்கும் அதே கல்லில் வார்த்த சாதா தோசையையும், மால்ட் சேர்ந்த சத்து பானங்களையும், சோயா சாஸ் ஊற்றிய உணவுகளையும் தவிர்த்துவிடுங்கள்.

கோதுமைக்குப் பதிலாக என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதையும் எழுதிப் பாருங்கள். ஒரே வாரத்தில் வரகு, தினை, கம்பு, ராஜ்மா என்று மாறினால் நார்ச்சத்து திடீரென ஏறி வாயு சேரும்; வெள்ளை அரிசியோடு மட்டும் நின்றால் மலச்சிக்கல் வரும். சிறுதானியத்தை வாரத்துக்கு ஒன்றாகச் சேர்ப்பதே எனக்கு உதவியது. இரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை எடுத்துக்கொள்கிறீர்கள் என்றால், குமட்டலும் மலச்சிக்கலும் அதனாலும் வரலாம். நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சோதனை செய்வதற்கு முன்பே கோதுமையை விட்டுவிடாதீர்கள், ஏனென்றால் கோதுமை உண்ணாத நிலையில் இரத்தப் பரிசோதனையும் குடல் திசுப் பரிசோதனையும் நோயைக் காட்டாமல் போகலாம்.

எடை குறைந்துகொண்டே போனாலோ, மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ, பேதி இரவில் தூக்கத்தைக் கெடுத்து எழுப்பினாலோ காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால், மூன்று வாரங்களுக்குப் பாலை நிறுத்தி, உண்டதையும் வயிற்றின் நிலையையும் நாள்தோறும் குறித்து வையுங்கள். ஆறாவது மாத இரத்தப் பரிசோதனைக்கு அந்தக் குறிப்பேட்டையும் எடுத்துச் செல்லுங்கள். ஊரிலிருந்து அம்மா அனுப்பும் மிளகாய்ப்பொடியைத்தான் இட்லிக்குத் தொட்டுக்கொள்வதாக எழுதியிருந்தீர்களே, அதில் எந்தப் பெருங்காயம் சேர்க்கிறார்கள் என்று இன்றே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.