இரவு ஷிப்ட் வாரங்களில் எங்கள் வீடு வீடாகவே இல்லை

அன்புள்ள ஆலோசகர் அவர்களுக்கு,

வணக்கம். நான் மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், தீவுக்கு எதிரே பெருநிலப் பக்கம் உள்ள பிறையில் இருக்கிறேன். வயது 39. தீவில், ஜார்ஜ்டவுனில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. கணவர் அதே தீவில் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். இரண்டு வாரம் பகல், இரண்டு வாரம் இரவு, 7 மணிக்கு 7 மணி ஷிப்ட். மகள் இடைநிலைப் பள்ளியில் படிவம் 2 படிக்கிறாள். மகன் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு. மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார். அவருக்கு இனிப்புநீர் (நீரிழிவு).

இரவு ஷிப்ட் வாரங்களில் நானும் கணவரும் பார்த்துக்கொள்வதே இல்லை. மாலை 6 மணிக்கு அவர் மோட்டாரில் கிளம்பிவிடுகிறார். நான் வீட்டுக்கு வர 6.45 ஆகிறது. நான் தீவிலிருந்து வரும்போது அவர் அதே பினாங்குப் பாலத்தில் எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருப்பார். காலையில் அவர் வரும் முன்பே நான் போய்விடுகிறேன். ஓய்வு நாள் வந்தால் அவர் தூங்குகிறார், இல்லையென்றால் கைப்பேசியில் இருக்கிறார்.

மகள் நள்ளிரவு தாண்டியும் கைப்பேசியை விடுவதில்லை. காலையில் அவளை எழுப்புவதே சண்டை. எனக்குப் பிற்பகல் 3 மணிக்கு மேல் கண்ணைக் கட்டுகிறது. ஒரு நாளைக்கு நாலைந்து தே தாரேக் (இனிப்பு டின் பால் கலந்த தேநீர்) குடிக்கிறேன், சாப்பாட்டோடும் தே தான். மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. வீட்டுக்கு வந்ததும் யாராவது ஒன்று கேட்டால் கத்திவிடுகிறேன். சில நாள் காரை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்து அழுகிறேன்.

வீடியோக்களில் பார்த்து ஓர் அட்டவணை போட்டேன். 5 மணிக்கு எழுவது, தியானம், உடற்பயிற்சி, நன்றிக் குறிப்பு எழுதுவது, பழச்சாறு, குடும்ப வாசிப்பு நேரம். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவைத்தேன். கொஞ்ச நாளில் நின்றுபோயிற்று. 'நாங்கள் ரப்பர் தோட்டத்தில் விடிவதற்கு முன்பே எழுந்து பால்மரம் வெட்டப் போனோம், ஒரு நாளும் களைப்பு என்று சொன்னதில்லை' என்கிறார் மாமியார். அது நெஞ்சில் குத்துகிறது. குடும்பம் நன்றாக இருக்க தினமும் என்னென்ன பழக்கங்கள் வேண்டும் என்று ஒரு பட்டியல் தாருங்கள்.

பெயர் வேண்டாம்,
பிறை

---

அன்புச் சகோதரிக்கு,

வணக்கம். நீங்கள் பட்டியல் கேட்டிருக்கிறீர்கள். உங்களிடம் ஏற்கெனவே ஒரு பட்டியல் இருக்கிறது, அதில் இருந்த எல்லாமே நல்ல பழக்கங்கள்தான். ஆனால் அதை யோசித்தது நீங்கள், ஒட்டியது நீங்கள், எல்லோரையும் செய்யவைக்க வேண்டியதும் நீங்கள். அலுவலகம், சமையல், பள்ளிப் பாடம், மாமியாரின் மருந்து இவற்றுக்கு மேல் அதுவும் இன்னொரு வேலையாக வந்து சேர்ந்தது. நிற்காமல் இருந்திருந்தால்தான் எனக்கு வியப்பு. அதைக் கழற்றி வைத்துவிடுங்கள். உங்கள் கணவரின் ஷிப்ட் நாட்காட்டியை அந்த இடத்தில் ஒட்டுங்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

அதற்கு முன்னால், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்களே, கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது அதுதான். மனச் சோர்வு, குடும்பப் பிரச்சினை என்று பேச ஆரம்பிக்கும் முன் உடம்பைப் பார்த்துவிட வேண்டும். நம் நாட்டில் 2019இல் எடுத்த தேசியச் சுகாதார ஆய்வில், பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண்களில் பத்துக்கு மூன்று பேருக்கு ரத்தசோகை இருந்தது. ரத்தசோகை வந்தால் படியேற மூச்சு வாங்கும், பிற்பகலில் தள்ளாடும், சின்ன விஷயத்துக்கும் எரிச்சல் வரும். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும். அதே ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்ததும் தெரியவந்தது. அதனால் ரத்தப் பரிசோதனையில் சீனியையும் சேர்த்தே பாருங்கள். அரசாங்க சுகாதார கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான் (ஒரு ரிங்கிட்). அரை நாள் விடுப்பு எடுங்கள். படியேறினால் மூச்சு வாங்குகிறது என்பதை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். மாதவிடாய் அதிகமாகப் போகிறதென்றால் அதையும் சொல்லுங்கள். நம் பெண்கள் கூச்சப்பட்டு அதை விட்டுவிடுகிறார்கள்.

தேநீர் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். சோற்றோடு தே குடித்தால், கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு சரியாக எடுத்துக்கொள்ளாது. தேயிலையில் உள்ள டானின் அதைத் தடுக்கிறது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால் போதும். அப்புறம், ஒரு மேசைக்கரண்டி இனிப்பு டின் பாலில் சுமார் 11 கிராம் சீனி இருக்கிறது. ஒரு தே தாரேக்கில் இரண்டு கரண்டி போனால் 20 கிராமைத் தாண்டிவிடும். ஒரு நாள் முழுவதற்கும் சேர்த்துச் சீனியை 25 கிராமுக்குள் வைத்துக்கொள்வது நல்லது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். நீங்கள் நாலைந்து குடிக்கிறீர்கள். சீனி ஏறி இறங்கும்போது கண் சொக்கும், உடனே அடுத்த தேயைக் கை தேடும். ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலி வரும், வேண்டாம். பிற்பகல் தேயை மட்டும் முதலில் 'தே ஓ குராங் மானிஸ்', அதாவது பாலில்லாத, சீனி குறைத்த தே ஆக்குங்கள். காலையில் வெறும் ரொட்டி சானாயோடு ஓடாமல் ஒரு முட்டையோ கொஞ்சம் கடலையோ சேர்த்துப் பசியாறுங்கள். 3 மணிச் சோர்வில் வித்தியாசம் தெரியும்.

இனி உங்கள் மாமியார் சொன்னது. அவர் சொல்வது பொய்யில்லை. இருட்டில் எழுந்து, பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நின்று, மரம் சீவி, பால் தூக்கிய தலைமுறை அது. அந்த உழைப்பை நான் ஒரு நாளும் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அந்த வாழ்க்கையில் வேறு சிலவும் இருந்தன. கைப்பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் போகலாம். லயத்து வரிசை வீடுகளில் பக்கத்து வீட்டு அக்கா ஒரு கண் பார்த்துக்கொள்வார். மாலையில் வாசலில் உட்கார்ந்தால் பேச ஆள் இருக்கும். மாரியம்மன் கோயில் திருவிழா என்றால் தோட்டமே கூடி வேலை செய்யும். நீங்கள் இன்று தாமானில் (குடியிருப்புப் பகுதியில்), கேட்டைப் பூட்டிக்கொண்டு, அவ்வளவையும் ஒற்றை ஆளாகச் சுமக்கிறீர்கள். அவரிடம் இதை வாதமாகச் சொல்ல வேண்டாம். 'அத்தை, தோட்டத்தில் நீங்கள் மரம் வெட்டப் போனபோது இவரை யார் பார்த்துக்கொண்டது?' என்று ஒரு நாள் நிதானமாகக் கேளுங்கள். அவர் சொல்லும் பெயர்களைப் பிள்ளைகளும் உட்கார்ந்து கேட்கட்டும். களைப்பைப் பற்றிய பேச்சு அதற்கப்புறம் வேறு மாதிரி போகும் என்று நம்புகிறேன்.

ஷிப்ட் நாட்காட்டிக்கு வருகிறேன். நீங்கள் பாலத்தைப் பற்றி எழுதியதைப் பலமுறை படித்தேன். உங்கள் வீட்டின் முக்கியச் சிக்கல் அதில் இருக்கிறது. கணவன் மனைவிக்குள் பாசம் குறைந்துவிட்டது என்று நீங்கள் பயப்படுகிறீர்கள். எனக்குத் தெரிவது, சந்திக்க நேரமே இல்லாத இரண்டு பேர். 'தினமும் இரவு 8 மணிக்குக் குடும்பமாகச் சாப்பிட வேண்டும்' என்ற பொது அறிவுரை உங்களுக்கு உதவாது. நேரம் வாரத்துக்கு வாரம் மாறட்டும், ஆனால் எந்த வாரத்திலும் ஒரு நேரம் இருக்கட்டும்.

பகல் ஷிப்ட் வாரங்களில் அவர் 8 மணிக்கு வருகிறார் என்றால், 8.15க்கு எல்லோரும் மேசையில். மாமியார் மருந்து எடுப்பவர், அவர் 7 மணிக்கே சாப்பிட்டுவிடட்டும், பிறகு உங்களோடு சும்மா உட்காரட்டும். சாப்பிட்டபின் கால்மணி நேரம் பேரனைக் கூட்டிக்கொண்டு தாமானைச் சுற்றி நடந்தால் அவருடைய ரத்தச் சீனிக்கும் நல்லது. மேசையில் இருப்பது கடையில் தாப்பாவ் (பொட்டலம்) கட்டி வாங்கிய மீயாக இருந்தாலும் பரவாயில்லை. என்ன சாப்பிடுகிறீர்கள் என்பது இங்கே இரண்டாம் பட்சம்.

இரவு ஷிப்ட் வாரங்கள்தான் கடினம். இதற்கு ஒரு சட்ட வழி இருக்கிறது. 2023 ஜனவரி 1 முதல், வேலை நேரத்தை மாற்றித் தரும்படி ஊழியர் எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம் என்று வேலைவாய்ப்புச் சட்டத்தில் சேர்த்திருக்கிறார்கள். முதலாளி 60 நாளுக்குள் எழுத்திலேயே பதில் தர வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். அந்த வாரங்களில் மட்டும் ஒரு மணி நேரம் முன்னதாகத் தொடங்கி முன்னதாக முடிக்கக் கேளுங்கள். மாலை 5.45க்கு வீட்டில் இருந்தால் அவர் கிளம்பும் முன் கால்மணி நேரம் கிடைக்கும். காலையில் பிள்ளைகளைப் பள்ளிப் பேருந்தில் ஏற்றுவது மாமியார் கைக்குப் போகும், அதை அவரோடு முன்கூட்டியே பேசிவிடுங்கள். அலுவலகம் ஒத்துக்கொள்ளவில்லையென்றால், 5.30க்கு நீங்கள் வேலை முடிந்து இறங்கும்போது அவரைக் கூப்பிடுங்கள். கரண்ட் பில், பள்ளிக் கட்டணம் எதுவும் அந்த அழைப்பில் வேண்டாம். அவற்றை வாட்ஸ்அப்பில் எழுதிக்கொள்ளலாம்.

ஓய்வு நாளில் அவர் தூங்குவதை உங்கள்மேல் அக்கறையின்மையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இரவு வேலை முடிந்து பகலில் வரும் தூக்கம் குறுகியது, அடிக்கடி கலையும். படுக்கையறைக்கு வெளிச்சம் புகாத தடித்த திரை போடுங்கள். ஷிப்டின் கடைசி மணிகளில் அவர் கோப்பி குடிக்க வேண்டாம். காஃபின் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். நண்பகலில் கூடத்தில் சீரியல் சத்தம் இருந்தால், அதைக் குறைக்கச் சொல்லி அம்மாவிடம் கேட்க வேண்டியவர் மகன். மருமகள் கேட்டால் அது வேறு பேச்சாகிவிடும். இன்னொன்று, எனக்கு உண்மையிலேயே கவலையாக இருப்பது: பன்னிரண்டு மணி நேர இரவு வேலைக்குப் பிறகு அரைத் தூக்கத்தில் பாலத்தில் மோட்டார் ஓட்டுவது. கண் சொருகுகிறது என்றால் தொழிற்சாலையிலேயே இருபது நிமிடம் தூங்கிவிட்டுக் கிளம்பச் சொல்லுங்கள். வீட்டுக்குத் தாமதமாக வரட்டும்.

மகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பருவ வயதில் உடம்பின் தூக்க நேரமே பின்னால் தள்ளிப்போகிறது, அவளை முழுக்கக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அவளுக்கு 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் வேண்டும், பள்ளியோ விடியற்காலையில் எழுப்புகிறது. வீட்டில் உள்ள எல்லாக் கைப்பேசிகளும் இரவு 10.30க்குக் கூடத்தில் சார்ஜ் ஏறட்டும். உங்களுடையதும் கணவருடையதும் உட்பட. அவர் வேலையில் இருக்கும் இரவுகளில் அவசரத்துக்கு உங்கள் கைப்பேசியின் மணியை மட்டும் திறந்து வையுங்கள். பெரியவர்கள் வைக்காத வீட்டில் பிள்ளை வைக்காது.

கத்திவிடுவதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். களைத்த தாய் குரல் உயர்த்துவதே இல்லை என்ற வீட்டை நான் இதுவரை பார்த்ததில்லை. பிள்ளையின் மனதில் அதிகம் தங்குவது அதற்குப் பிறகு நடப்பது. கத்தியபின் வீடே ஊமையாகிவிட்டால், 'என்னால்தான்' என்று பிள்ளை முடிவு கட்டிக்கொள்ளும். கோபம் தணிந்ததும் பக்கத்தில் போய், 'அம்மா ரொம்பக் களைப்பில் கத்திவிட்டேன், நீ செய்த தப்புக்கு அவ்வளவு கோபம் தேவையில்லை' என்று சொல்லுங்கள். நீண்ட விளக்கம் வேண்டாம். மனம் உடைந்து பிறகு சேரும் என்பதைப் பிள்ளைகள் இப்படித்தான் கற்றுக்கொள்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் முதல் பத்து நிமிடம் யாரும் உங்களிடம் எதுவும் கேட்கக்கூடாது என்று ஒரு வழக்கத்தையும் கொண்டுவாருங்கள். முகம் கழுவி, உடை மாற்றி, தண்ணீர் குடித்து உட்காருங்கள். மூன்றாம் ஆண்டுப் பையனுக்கு இது புரியும்.

காரில் உட்கார்ந்து அழுவதைப் பற்றி நேராகவே கேட்கிறேன். அழுகை வந்து போகிறதா, அல்லது இரண்டு வாரத்துக்கு மேலாக அநேகமாக எல்லா நாளும் மனம் இருண்டு, முன்பு பிடித்தவை எதுவும் பிடிக்காமல், சாப்பாடும் தூக்கமும் மாறியிருக்கிறதா? இரண்டாவது என்றால் ரத்தப் பரிசோதனைக்குப் போகும் அதே கிளினிக்கில் அதையும் சொல்லுங்கள், மனநலத்துக்கும் அங்கே பார்ப்பார்கள். 2023ஆம் ஆண்டு தேசிய ஆய்வில் 16 வயதுக்கு மேற்பட்டவர்களில் 4.6 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு நோய் இருந்தது, ஏறக்குறைய பத்து லட்சம் பேர். நீங்கள் தனி ஆள் இல்லை. செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் யோசிக்காதீர்கள், சுகாதார அமைச்சின் 15555 எண்ணையோ, இரவு பகல் எந்நேரமும் எடுக்கும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் 03-7627 2929 எண்ணையோ அழையுங்கள். கணவரையும் எழுப்புங்கள், அவர் தூக்கத்தில் இருந்தாலும்.

இவ்வளவையும் ஒரே வாரத்தில் தொடங்க வேண்டாம். இந்த வாரம் கிளினிக்குக்கு மட்டும் போங்கள். ஓய்வு நாளில் இந்தக் கடிதத்தைக் கணவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். எதை அவர் எடுத்துக்கொள்கிறார், எதை நீங்கள் என்று இருவரும் உட்கார்ந்து பிரித்துக்கொள்ளுங்கள். பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு அடுத்ததைப் பேசலாம்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்