எஸ்டி கார்ட் போட்டும் போர்ட் எழும்பவில்லையா? இஎம்எம்சி உள்ள சிஎம்4 அப்படித்தான்

சம்மாந்துறையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "சேர், எங்கட நெல் களஞ்சியத்தில வெப்பமும் ஈரப்பதமும் பதிஞ்சு வைக்க ராஸ்பெரி பை கம்பியூட் மொடியூல் 4 ஒன்றும் அதன் ஐஓ போர்டும் வாங்கினேன். எஸ்டி கார்டில் ஓஎஸ் ஏற்றிப் போட்டால் திரையில் ஏதோ ஆங்கில வரிகள் ஓடுது, ஓஎஸ் வருதில்ல. கார்டையும் மாற்றிப் பார்த்தாச்சு. போர்ட் பழுதா? பெரும்போக நெல் வர முதல் இதை ஓட விடோணும்." பெட்டியில் உள்ள எண் 4102008 என்றும் எழுதியிருக்கிறார். சிஎம்4 என்று சுருக்கிச் சொல்லும் இந்த மொடியூல் ஒரு சின்னக் கணினி, ஐஓ போர்ட் அதற்குக் கரண்டும் சொக்கெட்டுகளும் கொடுக்கும் பலகை. எண்ணை எழுதியது நல்ல வேலை, பதிலே அந்த எண்ணில்தான் இருக்கிறது.

போர்ட் பழுதில்லை தம்பி. அந்த எண்ணின் கடைசி மூன்று இலக்கங்கள் 008, அதாவது மொடியூலிலேயே 8 ஜீபி இஎம்எம்சி, எஸ்டி கார்டின் வேலையைச் செய்யும் சேமிப்புச் சிப், ஒட்டி வந்திருக்கிறது. நடுவில் உள்ள 02 என்பது 2 ஜீபி ரேம், 4க்கு அடுத்த 1 வைஃபை உண்டு என்பதற்கு. கடைசி மூன்றும் 000 என்று இருந்தால் அது லைட் மொடல், அதற்குத்தான் ஐஓ போர்டில் உள்ள எஸ்டி சொக்கெட் வேலை செய்யும். சிப்பிலிருந்து எஸ்டி கார்டுக்குப் போகவேண்டிய அதே இணைப்புகளை இஎம்எம்சி உள்ள மொடல்களில் உள்ளேயே இஎம்எம்சிக்குக் கொடுத்துவிட்டார்கள், வெளியே சொக்கெட்டுக்கு ஒன்றும் வருவதில்லை. ஆகவே நீங்கள் எத்தனை கார்ட் மாற்றினாலும் மொடியூலுக்கு அது தெரியவே தெரியாது. இதே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது.

செய்யவேண்டியது, மொடியூலையே ஒரு பென் டிரைவ் மாதிரி உங்கள் கணினிக்குக் காட்டி, அதற்குள் நேரே ஓஎஸ்ஸை எழுதுவது. ஐஓ போர்டில் ஜே2 என்று ஒரு முள்வரிசை இருக்கும், பக்கத்திலேயே இஎம்எம்சியிலிருந்து எழும்புவதை நிறுத்த ஜம்பர் (இரண்டு முள்ளை இணைக்கும் குட்டி மூடி) போடு என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும். கரண்டைக் கழற்றிவிட்டு அந்த இரண்டு முள்ளிலும் ஜம்பரைப் போடுங்கள். மொடியூலை டிரைவாகக் காட்ட, கணினியில் ராஸ்பெரி பை நிறுவனத்தின் ஆர்பிஐபூட் மென்பொருளை நிறுவிக்கொள்ளுங்கள், விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் இருக்கிறது. ஐஓ போர்டின் மைக்ரோ யூஎஸ்பி சொக்கெட்டிலிருந்து கணினிக்கு கேபிள், அப்புறம் போர்டுக்கு 12 வோல்ட், அப்புறம் ஆர்பிஐபூட்டை ஓட விடுங்கள்.

இங்கேதான் பாதிப் பேர் நிற்பார்கள். காத்திருக்கிறேன் என்ற பொருளில் ஒரு வரி வந்து, அதற்கு மேல் அசையாது. அப்படி நின்றால் முதலில் கேபிளைச் சந்தேகப்படுங்கள், ஏனென்றால் பழைய போன் சார்ஜர்களோடு வந்த மைக்ரோ யூஎஸ்பி கேபிள்களில் பல சார்ஜ் மட்டும் ஏற்றும், டேட்டா வயர் உள்ளே இருக்காது. போனைக் கணினியில் செருகி அதிலுள்ள படங்கள் தெரிகிறதா என்று பார்த்த கேபிளையே எடுங்கள். கேபிள் சரியென்றால் ஜம்பர் சரியான இரண்டு முள்ளில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால் சில நொடிகளில் கணினியில் ஒரு புது டிரைவ் தோன்றும். அதில் முன்பே ஏதாவது எழுதியிருந்தால் விண்டோஸ் "ஃபோர்மட் செய்யவா" என்று கேட்கலாம், வேண்டாம் என்று மூடிவிடுங்கள்.

இனி ஓஎஸ் எழுதும் மென்பொருளான ராஸ்பெரி பை இமேஜரைத் திறந்து அந்த டிரைவைத் தெரிவு செய்து எழுதவேண்டியதுதான். அளவைப் பாருங்கள், 8 ஜீபிக்குக் கொஞ்சம் குறைவாகக் காட்டும். உங்கள் வெளி ஹார்ட் டிஸ்க் ஏதும் செருகியிருந்தால் முதலில் அதைக் கழற்றிவிடுங்கள், தவறிப்போய் அதில் எழுதினால் உள்ளே இருந்த எதுவும் மிஞ்சாது. 8 ஜீபிக்கு ராஸ்பெரி பை ஓஎஸ்ஸின் டெஸ்க்டொப் இல்லாத லைட் 64 பிட் பதிப்பு போதும், களஞ்சியத்தில் யார் திரை பார்க்கப் போகிறார்கள்? எழுதும் முன்னர் இமேஜர் கேட்கும் அமைப்புகளில் பயனர் பெயர், கடவுச்சொல், வைஃபை, எஸ்எஸ்எச் (வேறு கணினியிலிருந்து உள்ளே போகும் வழி) எல்லாவற்றையும் கொடுத்துவிடுங்கள். முன்பு இருந்த "பை" என்ற பொதுப் பயனரை 2022 ஏப்ரலில் எடுத்துவிட்டார்கள், பழைய வீடியோக்களைப் பார்த்து அந்தப் பெயரில் உள்ளே போகப் பார்த்தால் போக முடியாது.

எழுதி முடிந்ததும் கரண்டைக் கழற்றி, ஜம்பரையும் எடுத்து, மைக்ரோ யூஎஸ்பி கேபிளையும் கழற்றிவிட்டுத்தான் திரும்ப எழுப்பவேண்டும். கேபிள் செருகியபடி இருந்தால் போர்டில் உள்ள யூஎஸ்பி ஹப் அணைந்துவிடும், கீபோர்ட் வேலை செய்யாது, பிறகு அதையும் பழுது என்று எனக்கு எழுதுவீர்கள்.

களஞ்சியத்தில் வைப்பதற்கு முன்னர் இரண்டு விஷயம். தகரக் கூரைக்கும் அடுக்கிய மூட்டைக்கும் நடுவில் வைஃபை இழுக்காவிட்டால், மொடியூலில் உள்ள சின்ன அன்டெனா முனையில் வெளி அன்டெனா ஒன்றைப் பொருத்தி, கொன்ஃபிக் கோப்பில் ஆன்ட்2 என்ற அமைப்பைக் கொடுங்கள், இல்லாவிட்டால் வெளி அன்டெனா சும்மா தொங்கும். மற்றது கரண்ட். எஸ்டி கார்ட் கெட்டால் கழற்றி எறிந்துவிட்டு இன்னொன்று போடலாம், ஒட்டிய இஎம்எம்சியை அப்படி மாற்ற முடியாது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கோப்புகள் சிதையும், சிதைந்தால் மறுபடி ஜம்பரில் இருந்து தொடங்கவேண்டும். ரூட்டருக்கு விற்கும் 12 வோல்ட் மினி யூபிஎஸ் இதற்கும் பொருந்தும், முனையும் அம்பியர் அளவும் சரியா என்று பார்த்து வாங்குங்கள். அதோடு எல்லாம் நிறுவி முடிந்த பிறகு ராஸ்பி கொன்ஃபிக் என்ற அமைப்புக் கருவியில் ஓவர்லே கோப்பு முறைமையைப் போட்டால் இஎம்எம்சியில் ஒன்றும் எழுதப்படாது, எழுதுவதெல்லாம் ரேமில்தான் நிற்கும். ஆனால் மீள எழுப்பினால் அதுவும் போய்விடும், ஆகவே அளவுகளை உள்ளே சேர்த்து வைக்காமல் வைஃபை வழியாக அலுவலகக் கணினிக்கு அனுப்பும்படி செய்யுங்கள்.

பக்கத்துக் களஞ்சியக்காரர் வேறு நிறுவனத்தின் ஒரேஞ்ச் பை 5 பிளஸ் போர்ட் வாங்கினால் இந்த முறையை அப்படியே சொல்லிக்கொடுக்காதீர்கள். ரொக்சிப் சிப் உள்ள அந்த மாதிரிப் போர்டுகளில் எஸ்டி கார்டில் ஆர்ம்பியன் என்ற லினக்ஸ் ஓஎஸ்ஸை எழுப்பி, உள்ளே இருந்தே ஆர்ம்பியன் இன்ஸ்டோல் கட்டளையால் இஎம்எம்சிக்கு மாற்றலாம். எது எஸ்டி, எது இஎம்எம்சி என்று குழம்பினால் டிரைவ்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள், பெயருக்குக் கீழே பூட்0, பூட்1 என்று இரண்டு குட்டிப் பகுதிகள் காட்டுவதுதான் இஎம்எம்சி.