அந்தப் பெண் சாப்பிட்டாளா?

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். நான் மலையடிவாரத்து ஊர் ஒன்றில் தமிழாசிரியையாக இருக்கிறேன். சென்ற வாரம் பதினொன்றாம் வகுப்பில் குறுந்தொகையின் 167ஆம் பாடலை நடத்தினேன். தயிர் பிசைந்த விரலை உடுத்த துணியிலேயே துடைத்துக்கொண்டு, தாளிதப் புகை கண்ணில் நிறைய, மனைவி தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் ‘இனிது’ என்று உண்கிறான். அவள் முகம் நுட்பமாக மலர்கிறது. இதைச் சொல்லி முடித்ததும் கடைசி வரிசையில் ஒரு மாணவி எழுந்து, “டீச்சர், அந்தப் பொண்ணு சாப்பிட்டாளா?” என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. எனக்குப் பதில் தெரியவில்லை. ‘தெய்வம் தொழாஅள்’ என்ற குறளிலிருந்து இன்றுவரை நம் கவிதை பெண்ணுக்கு மட்டும்தான் கடமையைச் சொல்கிறது. கணவனுக்கு அவன் கடமையை ஒரு பாடலும் சொல்லவில்லை. இன்றைய பெண் கவிஞர்களை நடத்தலாம் என்றால், அவர்கள் உடலை மட்டுமே எழுதுகிறார்கள் என்கிறார் உடன் பணிபுரியும் ஆசிரியர். பழைய பாடல்களை விட்டுவிட்டு, மாணவிகளுக்கு எந்தக் கவிதைகளைச் சொல்லித்தரலாம்?

ஒரு வாசகி

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் கடிதத்தில் கேள்விகள் பல இருக்கின்றன. ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டவள் அந்த மாணவி. வகுப்பு சிரித்ததென்று அவளை உட்காரச் சொல்லியிருந்தால், நாளைக்கே எழுப்பி மீண்டும் ஒரு முறை கேட்கச் சொல்லுங்கள். பழனி மலையின் தாண்டிக்குடிச் சரிவில் காபிப் பழம் சிவந்துவரும் இந்த நாட்களில், நானும் அதே கேள்வியைத்தான் எங்கள் வீட்டுச் சமையலறையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

குறளைப் பற்றிய வழக்கு நெடுங்காலமாக நடக்கிறது. அதில் நான் சேரப்போவதில்லை. உங்கள் சக ஆசிரியரின் கருத்துக்கும் பதில் சொல்ல மாட்டேன். படிக்காமலே தீர்ப்புச் சொல்பவரிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் ஒரு கவிதையை வகுப்புக்குக் கொண்டுபோவீர்கள் என்றால், குறை கவிதையிடம் இல்லை.

மாணவியின் கேள்விக்குப் பதில் 167ஆம் பாடலில் இல்லை. அந்தப் பாடலைச் சொல்பவள் செவிலித்தாய். மகள் குடும்பம் நடத்துவதைப் பார்த்துவிட்டு வந்து பெற்ற தாயிடம் சொல்கிறாள். கணவன் உண்டதையும் மகள் முகம் மலர்ந்ததையும் பார்த்தவள், மகளின் இலையைப் பார்க்கவில்லை. பதில் இருப்பது நற்றிணையின் 110ஆம் பாடலில், போதனார் பாடியது. தேன் கலந்த பாலைப் பொற்கலத்தில் ஏந்தி, பூந்தலைச் சிறுகோலை ஓங்கிக்கொண்டு நரைத்த செவிலியர் துரத்த, முத்துப் பரல் இட்ட பொற்சிலம்பு ஒலிக்கப் பந்தருக்குள் ஓடி ஒளிந்து, அவர்களைக் களைக்கவைத்த சிறுமி அவள். இன்று கணவன் குடி வறுமைப்பட்டபோது, தந்தை வீட்டுக் கொழுஞ்சோற்றை நினைத்தும் பார்க்காமல், ‘பொழுது மறுத்து உண்ணும் சிறு மதுகையள்’ ஆகிவிட்டாள். ஒரு வேளை விட்டு ஒரு வேளை உண்ணும் மனவலிமை அவளுக்கு வந்துவிட்டது. இந்த அறிவையும் ஒழுக்கத்தையும் எங்கே கற்றாளோ என்று தாய் வியக்கிறாள்.

அந்த வியப்பில்தான் நான் பல ஆண்டுகளாகச் சிக்கிக்கொண்டிருக்கிறேன். கவிதையின் அழகில் எனக்கு ஐயமே இல்லை. அந்தச் சிலம்பொலியை மிஞ்சிய குழந்தை ஓட்டத்தை நான் வேறெங்கும் கேட்டதில்லை. ஆனால் ஒருத்தி பசித்திருப்பதைப் பார்த்து வாய்விட்டு அழவேண்டிய தாய், பெருமைப்படுகிறாள். அடுப்படியில் இரு என்று கட்டளையிடும் கவிதையை எந்தப் பெண்ணும் எளிதில் தள்ளிவிடுவாள். நீ இருந்தாயே, அடடா, எவ்வளவு உயர்ந்தவள் என்று பாடும் கவிதையை அவளால் தள்ள முடியாது. அந்தப் புகழ்ச்சிதான் அடுத்து வருபவளுக்குச் சட்டமாகிறது. இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. அப்படி ஒரு கவிதையை நானே எழுதியிருக்கிறேன்.

1984இல் ஒரு சிறுபத்திரிகையில் என் கவிதை வந்தது. எங்கள் அம்மாவைப் பற்றியது. எல்லோரையும் உண்ணவைத்துவிட்டு, அணைந்துகொண்டிருக்கும் அடுப்பின் முன் பசியோடு உட்கார்ந்திருக்கும் தாய். பாராட்டி ஏழெட்டுக் கடிதங்கள் வந்தன. அண்ணன் அதைப் பெரிய எழுத்தில் எழுதச்செய்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, நாங்கள் உட்கார்ந்து சாப்பிடும் அறையில் மாட்டினார். அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். நெற்றியைச் சுருக்கிக் கேட்டுவிட்டு, “நான் எங்கடா அடுப்பு முன்னால உக்காந்திருந்தேன்? தொட்டிக்கிட்டல்ல இருந்தேன்” என்றார்.

தொட்டி என்றால் காபித் தொட்டி. பறித்த பழத்தை அன்றே பல்ப்பர் இயந்திரத்தில் போட்டுத் தோல் நீக்கி, கொட்டையைத் தொட்டியில் ஊறவைப்பார்கள். மேலே இருக்கும் வழுவழுப்பு புளித்துக் கழன்றதும் கழுவ வேண்டும். முந்திக் கழுவினால் பிசுக்குப் போகாது, பிந்தினால் நாற்றம் பிடித்துவிடும். குளிர் மிகுந்த இரவுகளில் கணக்கே மாறும். அம்மா டார்ச் விளக்கோடு இறங்கிப் போய், முழங்கைவரை கையை விட்டு ஒரு பிடி கொட்டையை அள்ளி, இரண்டு உள்ளங்கைக்கும் இடையே வைத்துத் தேய்ப்பார். தலையைச் சற்றுச் சாய்த்திருப்பார், காது கொடுத்துக் கேட்பதுபோல. வழுக்கினால் திரும்பி வருவார். கூழாங்கல் உரசுவதுபோலக் கரகரவென்றால், “கழுவலாம்” என்பார். அந்தச் சொல்லுக்காக ஆட்கள் காத்திருப்பார்கள். ஆண்டு முழுவதற்குமான எங்கள் வீட்டு வருமானம் அந்த உள்ளங்கையில் இருந்தது. அவர் பிந்திச் சாப்பிட்டதற்குக் காரணம் அதுதான். நான் அவருடைய வேலையைப் பார்க்கவே இல்லை; அதைத் தியாகமாக்கி, அவரைத் தொட்டிக்கரையிலிருந்து பிடித்துக்கொண்டுவந்து அடுப்பின் முன் உட்காரவைத்துவிட்டேன்.

அதோடு போயிருந்தால் என் பிழையாக மட்டும் இருந்திருக்கும். மூன்று ஆண்டுகள் கழித்து மதினி வீட்டுக்கு வந்தார். உறவுக்காரர்கள் எல்லோரும் அந்தச் சட்டத்தைக் காட்டி, இது உன் மாமியாரைப் பற்றியதுதான் என்று படித்துச் சொன்னார்கள். ஒருவரும் அவரைக் கடைசியில் சாப்பிடச் சொல்லவில்லை. ஆனால் அவர் அப்படித்தான் சாப்பிட்டார், அல்சர் வந்து மருத்துவர் நேரத்துக்கு உண்ணச் சொல்லும்வரை. ஒரு நாள் நான் கோபித்துக்கொண்டபோது, தட்டைத் துடைத்தபடியே சொன்னார்: “உங்க பாட்டு செவுத்துல இருக்கையில நான் எப்படி முதல்ல உக்காந்து திங்கிறது தம்பி?” அன்றே அந்தச் சட்டத்தைக் கழற்றினேன். வயிறு அதனால் சரியாகிவிடவில்லை. அன்னையர் நாள் வரும்போதெல்லாம் தாயின் பசியைப் பாடி எனக்கு அனுப்பும் இளைஞர்களே, உங்களையும்தான் சொல்கிறேன்: அவள் அந்த நேரத்தில் எங்கே நின்றாள், கையில் என்ன வைத்திருந்தாள் என்று கேட்டுவிட்டு எழுதுங்கள்.

இனி, கணவனுக்குக் கடமை சொல்லும் பாடல் ஒன்றுகூட இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு உங்களைக் கண்டிக்காமல் விடமுடியாது. தமிழாசிரியை அப்படி எழுதலாமா? அந்தப் பாடல்கள் பிறந்தது நம் மலையைச் சார்ந்த நாட்டில். அகநானூற்றின் முதல் பாட்டு பொதினி என்று சொல்வது இன்றைய பழனி. அதை ஆண்ட ஆவியர் குடியின் தலைவன்தான் மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன். மனைவி கண்ணகியை (சிலப்பதிகாரத்துக் கண்ணகி வேறு) துறந்து வேறொருத்தியிடம் இருந்தான். புறநானூற்றில் 143 முதல் 147 வரை ஐந்து பாடல்கள், கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் ஆகிய நால்வர் பாடியவை. மயில் குளிரில் நடுங்கும் என்று இரங்கியவனே, பசியால் வரவில்லை, எங்களுக்குச் சுற்றமும் பாரமும் இல்லை, தேரேறிப் போய் அவள் துயரைக் களைவதே எங்களுக்குப் பரிசில் என்கிறார் பரணர். அருங்கலமும் செல்வமும் வேண்டாம் என்கிறார் அரிசில் கிழார். எண்ணெய் காணாத அவள் கூந்தலில் பூச் சூடும்படி இன்றே புறப்படு என்கிறார் பெருங்குன்றூர் கிழார். கொடுக்கும் கையை நம்பிப் பிழைத்த புலவர்கள், அந்தக் கையின் உடையவனிடமே இப்படிக் கேட்டார்கள்.

ஆனாலும் நான் திரும்பத் திரும்பப் போவது 144ஆம் பாடலுக்கு. மாலையில் யாழ் மீட்டிப் பேகனின் காட்டைப் பாடுகிறார்கள். ஒரு பெண் அடக்கமுடியாமல் அழுகிறாள். நீ எங்கள் தலைவனுக்கு உறவோ என்று தொழுது கேட்கிறார் பரணர். ‘காந்தள் முகைபுரை விரலின் கண்ணீர் துடையா’, காந்தள் மொட்டுப் போன்ற விரலால் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, அவள் சொல்கிறாள்: ‘யாம் அவன் கிளைஞரேம் அல்லேம்.’ நாங்கள் அவனுக்கு உறவில்லை. எம்மைப் போன்ற ஒருத்தியின் அழகை விரும்பி, முல்லை வேலி சூழ்ந்த ஊருக்குத் தேர் ஒலிக்க நாள்தோறும் வருகிறானாம் பேகன், அப்படிச் சொல்கிறார்கள். அவ்வளவுதான் அவள் பேச்சு. மற்ற நான்கு பாடல்களிலும் கண்ணகிக்காகப் புலவர்கள் பேசுகிறார்கள். இதில் மட்டும் அவளே வாய் திறக்கிறாள், திறந்ததும் மனைவி என்ற உறவையே மறுத்துவிடுகிறாள். குறுந்தொகையில் தயிர் பிசைந்ததும் ‘காந்தள் மெல்விரல்’தான். அந்த விரல்காரிக்கு முகம் மட்டும் கொடுத்தார்கள். இவளுக்குச் சொல்லும் கிடைத்தது.

எந்தக் கவிதையை நடத்துவது என்று கேட்டிருந்தீர்கள். எதையும் நிறுத்தாதீர்கள். 167க்கு அடுத்த நாள் நற்றிணை 110, அதற்கடுத்து இந்த 144. அந்த மாணவியையே எழுந்து வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்து முடித்ததும் அவள் என்ன கேட்டாள் என்பதை மறக்காமல் எனக்கு எழுதுங்கள். வகுப்பு மறுபடியும் சிரித்ததென்றால் அதையும் எழுதுங்கள்.

அன்புடன்