கிணற்றடி

அன்புள்ள ஐயாவுக்கு,

பேத்தியை வளர்க்கும் பாட்டியைப் பற்றிய உங்கள் சிறுகதையை வாசித்தேன். 1994இல், எனக்கு நாலு வயதாக இருக்கும்போது, அம்மா குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போனார். பதினொரு வருசம். இரண்டு வருசத்துக்கு ஒருக்கால் லீவில் வந்து போவார். வளர்த்தது அம்மம்மா. அம்மா கசெற்றில் பேசி அனுப்புவார். ஒரு பக்கம் எனக்கு, மற்றப் பக்கம் அம்மம்மாவுக்கு. அந்தப் பக்கத்தைப் போடும்போது அம்மம்மா என்னைக் கிணற்றடிக்கு அனுப்பிவிடுவார்.

அம்மம்மா ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனாலும் இரவில் போர்வைக்குள் அம்மாவை நினைத்துச் சத்தம் வராமல் அழுவேன். தெரிந்தால் அம்மம்மாவின் மனம் நோகுமே என்ற பயம். அம்மா லீவில் வந்து நின்றால் கிட்டப் போகமாட்டேன், 'அம்மா' என்று கூப்பிட வாய் வராது. அம்மம்மா போன மாசியில் காலமாகிவிட்டார். வளர்த்தவருக்கும் பெற்றவருக்கும் நன்றியில்லாமல் இருந்துவிட்டேனா? கசெற்றுகள் இன்னும் ஒரு நிடோ பால்மாப் பேணிக்குள் கிடக்கின்றன.

ர., மட்டக்களப்பு

அன்புள்ள ர.,

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்தக் கிணற்றடி. அதற்கு அப்புறம் வருகிறேன்.

கிட்டப் போகாத கதை எனக்கும் உண்டு. என் அம்மா மலையோரத்து ஊர் ஒன்றில் டீச்சர். நான் ஆச்சியிடம். வாரம் முழுக்க ஏங்கிக் கிடப்பேன். சனிக்கிழமை அம்மா பஸ்ஸை விட்டு இறங்கியதும் எதிர்வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துகொள்வேன். ஞாயிறு சாயங்காலம் கிளம்பப் போகிறவளிடம் எதற்கு ஒட்டிக்கொள்ள வேண்டும்? 'பயலுக்குத் திமிர்' என்றார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

வெகுநாள் கழித்துத்தான் ஜேம்ஸ் ராபர்ட்சனைப் பற்றிப் படித்தேன். அம்மாவை விட்டு லண்டன் ஆஸ்பத்திரிகளில் தங்க நேர்ந்த சிறு குழந்தைகளைக் கூர்ந்து கவனித்தவர். 1952இல் அதைப் படமாகவும் எடுத்தார். குழந்தை முதலில் கத்தி அழும், பிறகு சோர்ந்து சுருண்டுகொள்ளும், கடைசியில் சாதுவாகி எல்லோரிடமும் சிரிக்கும், அம்மா வந்தால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். 'பிள்ளை பழகிவிட்டது' என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் நிம்மதி அடைந்தது இந்தக் கடைசிக் கட்டத்தைப் பார்த்துத்தான்.

அவரோடு வேலை செய்தவர் ஜான் பௌல்பி என்ற மனநல மருத்துவர். வசதியான வீட்டுப் பிள்ளை. பெற்ற தாயை நாளுக்கு ஒரு மணி நேரம்போலத்தான் பார்ப்பார், வளர்த்தது ஆயா. அவருக்கு நாலு வயது ஆகும் சமயம் அந்த ஆயா வேலையை விட்டுப் போய்விட்டார். தாயை இழந்ததற்குச் சமமான துக்கம் அது என்று பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். ஒரு பிள்ளைக்கு இரண்டு பேர் மேல் உயிராக இருக்க முடியும். ஒருத்திக்காக அழுதால் இன்னொருத்தியின் கணக்கில் எதுவும் குறைவதில்லை.

ஆனால் தாயைப் பிரிவது சிறு பிள்ளையைப் பாதிக்கும் என்று பௌல்பி எழுதியதால், அவர் பெயரைச் சொல்லி வேலைக்குப் போகும் தாய்மாரை ஏசியதும் நடந்தது. உங்கள் நாட்டில் 2013இல் ஒரு விதி வந்ததே, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் தாய் வெளிநாட்டுக்கு வீட்டுவேலைக்குப் போகக் கூடாதென்று! தகப்பனிடம் யாரும் பிள்ளையின் வயதைக் கேட்கவில்லை. 2022இல் தளர்த்தினார்கள். சரி, அந்தக் கோபம் இப்போது வேண்டாம்.

கிணற்றடிக்கு வருகிறேன். குவைத்துக்குப் போனது உங்கள் அம்மா மட்டுமா? அம்மம்மாவின் மகளும்தானே. பதினொரு வருசம் ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒருத்திக்காகவே ஏங்கியிருக்கிறீர்கள். நீங்கள் போர்வைக்குள் ஒளித்தீர்கள். அவர் உங்களைக் கிணற்றடிக்கு அனுப்பிவிட்டு என்ன செய்திருப்பார் என்று நினைக்கிறீர்கள்? நீங்கள் அழுவது தெரிந்தால் அவர் மனம் நோகும் என்று பயந்தீர்கள். தான் அழுவது தெரிந்தால் பிள்ளை ஏங்கிப்போகும் என்று அவரும் பயந்திருக்கலாம். என் ஊகம்தான். ஆனால் என் ஆச்சி ஞாயிறு சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனால் வெகுநேரம் கழித்துத்தான் திரும்புவாள். எங்களிடம் இருந்தது ஒரே மாடு.

அந்த கேசட்டுகளைக் கண்ட டேப் ரெக்கார்டரில் எல்லாம் போட்டுவிடாதீர்கள். பூஞ்சை பிடித்திருந்தால் நாடா சிக்கி அறுந்துவிடும். பழைய ஒலிநாடாக்களைக் கணினியில் ஏற்றித் தருகிறவர்களிடம் கொடுங்கள். அம்மா இருக்கிறாரா, கடிதத்தில் நீங்கள் சொல்லவில்லை. இருந்தால் அந்த மற்றப் பக்கத்தைக் கேட்கும்போது அவரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தடவை யாரையும் கிணற்றடிக்கு அனுப்ப வேண்டாம்.