வால்விளக்குக்குள் ஒளிந்த பெட்ரோல் மூடி: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், 1930-இல் காடிலாக் நிறுவனம் வெளியிட்ட பதினாறு சிலிண்டர் காரைப் பற்றி எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து பழைய அமெரிக்கச் சொகுசுக் கார்களைப் பற்றிக் கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. அவற்றுள் பெரும்பாலானவை வடசென்னையிலிருந்து வந்தவை என்பதில் எனக்கு வியப்பில்லை. எண்ணூரில் லாரியும், செம்பியத்தில் டீசல் இஞ்சினும், பெரம்பூரில் ரயில் பெட்டியும், திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிளும் செய்த கைகள் உள்ள வீடுகளில் பழைய இயந்திரத்தின்மேல் பற்று இருப்பது இயல்புதானே.

மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடையில் என் தந்தையார் வாங்கிய அமெரிக்க இதழ் ஒன்றில் 1936-ஆம் ஆண்டு கோர்டு 810 காரின் படம் இருக்கிறது. எத்தனை முறை பார்த்தும் முகப்பு விளக்குகள் கண்ணில் படவில்லை. இரவில் அதை எப்படி ஓட்டினார்கள்?
– வாசகர், தண்டையார்பேட்டை

விளக்குகள் இருக்கின்றன, முன்சக்கரங்களின் மட்கார்டுகளுக்குள் மூடிக்கொண்டு கிடக்கின்றன. டாஷ்போர்டின் இரண்டு கோடிகளிலும் ஆளுக்கொரு சிறு கைப்பிடி உண்டு. பழைய கார்களில் ஜன்னல் கண்ணாடியை ஏற்றுவதைப் போல அதைச் சுற்றச் சுற்ற, அந்தப் பக்கத்து விளக்கு மெல்ல எழுந்து சாலையைப் பார்க்கும். ஓட்டுநர் தனியாகச் சென்றால், இருட்டுவதற்குள் ஒருமுறை வண்டியை ஓரங்கட்டி, எட்டிக் கை நீட்டி மறுபக்கத்துக் கைப்பிடியையும் சுற்றியாக வேண்டும்.

இந்த விளக்குகளின் மூலம் விமானத்தில் இருக்கிறது. கோர்டு நிறுவனத்தின் அதே குழுமத்தில் ஸ்டின்சன் என்னும் விமான நிறுவனமும் இருந்தது. அந்த விமானங்களின் தரையிறங்கும் விளக்குகளைத்தான் வடிவமைப்பாளர் கார்டன் பியூரிக் காருக்கு ஏற்றபடி மாற்றிப் பொருத்தினார். படத்தை மீண்டும் எடுத்துப் பாருங்கள். கதவுக்குக் கீழே கால் வைத்து ஏறும் பலகை இருக்காது. அந்நாளைய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு அது இருந்தது, இதற்குத் தேவைப்படவில்லை. இஞ்சினின் விசை முன்சக்கரங்களுக்கே செல்வதால், பின்சக்கரத்துக்கு ஓடும் நீண்ட தண்டு இல்லை. தண்டு இல்லாததால் தளத்தைத் தாழ்த்த முடிந்தது. தளம் தாழ்ந்ததால் ஏறுபலகையும் வேண்டாததாயிற்று. ஒரு மாற்றம் இன்னொன்றுக்கு வழிவிட்ட இந்த வரிசையைக் காணும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடும்.

கியர் மாற்றுவதும் புதுமாதிரி. ஸ்டியரிங் பக்கத்தில் விரலளவு நெம்புகோலைத் தள்ளி அடுத்த கியரை முன்கூட்டியே குறித்துவிடலாம். கிளட்சை மிதிக்கும்போதுதான் மின்சாரமும் வெற்றிடமும் சேர்ந்து அதை மாற்றும். குறையையும் சொல்ல வேண்டும். போதிய சோதனைக்கு முன்பே விற்பனைக்கு வந்ததால் இந்தக் கியர் அமைப்பும் இஞ்சின் சூடேறுதலும் வாங்கியவர்களை வாட்டின. இரண்டு ஆண்டுகளில் மூவாயிரத்துக்கும் குறைவான கார்களே வெளிவந்தன, 1937-உடன் உற்பத்தி நின்றது. ஆயினும் 1951-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் கலைப்பொருளாகக் காட்சிக்கு வைத்த எட்டுக் கார்களில் கோர்டும் ஒன்று.

ரயில் பெட்டிகளில் குளிர்சாதனம் பழுது பார்த்து ஓய்வு பெற்றவன் நான். முதன்முதலில் காருக்குக் குளிர்சாதனம் கொடுத்தது ஓர் அமெரிக்க நிறுவனம் என்று படித்தேன். அதன் அமைப்பு எப்படி இருந்தது?
– வாசகர், பெரம்பூர்

பேக்கார்டு நிறுவனம்தான். 1939 நவம்பரில் சிகாகோ கண்காட்சியில் காட்டி, 1940-ஆம் ஆண்டு மாடல்களுக்கு 274 டாலர் கூடுதல் விலையில் பொருத்திக் கொடுத்தார்கள். குளிர்விக்கும் சுருள் பின்னிருக்கைக்குப் பின்னால் டிக்கியில் இருந்தது. பெட்டி படுக்கை வைக்கும் இடத்தில் பாதியை அதுவே அடைத்துக்கொண்டது. இஞ்சினோடு பெல்ட்டால் இணைந்த கம்ப்ரஸர் முன்னால், சுருள் பின்னால், இடையே காரின் முழு நீளத்துக்கும் குழாய்கள்.

தங்களைப் போன்ற தொழில் அறிந்தவர் அடுத்து என்ன கேட்பார் என்று தெரியும். கம்ப்ரஸரை இஞ்சினிலிருந்து பிரிக்கும் கிளட்ச் கிடையாது, குளிரை அளந்து தானே நிறுத்தும் தெர்மோஸ்டாட்டும் கிடையாது. காற்றாடியின் வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், அவ்வளவே. குளிர் போதும் என்று தோன்றினால், வண்டியை நிறுத்தி, இஞ்சினை அணைத்து, பானெட்டைத் தூக்கி, பெல்ட்டைக் கையால் கழற்ற வேண்டும். ஆகையால் குளிர்காலம் வந்தால் பெல்ட்டைக் கழற்றி வைப்பதும் கோடையில் மாட்டுவதும் வழக்கமாயிற்று. ஓரிரண்டு ஆண்டுகளிலேயே பேக்கார்டு இதைக் கைவிட்டது. கம்ப்ரஸர், சுருள் அனைத்தையும் காரின் முன்பகுதியிலேயே அடக்கிய அமைப்பை 1954-இல் நாஷ் நிறுவனம் கொண்டுவந்தது. இன்று நம் தெருக்களில் ஓடும் எந்தச் சிறு காரிலும் பார்ப்பது அந்த வழிமுறையைத்தான்.

மறைந்த என் கணவர், பெட்ரோல் ஊற்றும் வாயே வெளியில் தெரியாத கார் ஒன்றைச் சிறுவயதில் பார்த்ததாக அடிக்கடி சொல்வார். பிள்ளைகள் நம்புவதில்லை. அப்படியொரு கார் உண்டா?
– வாசகி, இராயபுரம்

உண்டு, அம்மா. பிள்ளைகளிடம் தயங்காமல் சொல்லுங்கள். 1941 முதல் காடிலாக் கார்களில் பெட்ரோல் மூடி இடப்பக்கத்து வால்விளக்குக்குள் இருந்தது. 1948-இல், போர் விமானம் ஒன்றின் வாலைப் பார்த்து வரைந்த சிறு துடுப்புகள் காரின் பின்புறத்தில் முளைத்தபோது, மூடியும் அந்தத் துடுப்பின் விளக்கோடு சேர்ந்துகொண்டது.

நானும் அதைக் கண்ணால் கண்டவன். என் தந்தையார் லிங்கிச் செட்டித் தெருவில் ஒரு வணிகர் வீட்டில் ஓட்டுநராக இருந்தார். பள்ளி விடுமுறை நாளில் பிராட்வே பக்கத்துப் பெட்ரோல் பங்க்குக்கு என்னையும் அழைத்துச் சென்றார். பங்க்கில் புதிதாகச் சேர்ந்திருந்த பையன் குழாயைக் கையில் பிடித்தபடி காரை இரண்டு முறை சுற்றி வந்தான். நம்பர் பலகையைத் தட்டிப் பார்த்தான். கடைசியில் அப்பாவின் முகத்தைப் பார்த்தான். அப்பா ஒன்றும் பேசாமல் இடப்பக்க விளக்கின் கீழே இருந்த வட்டப் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்தினார். சிவப்புக் கண்ணாடியோடு விளக்கு அப்படியே மேலே தூக்கிக்கொண்டது. உள்ளே, துடைத்து வைத்த டம்ளர் மாதிரி பளபளவென்று மூடி. இயந்திரத் தொழிலுக்கு நான் வந்ததற்கு அந்தக் கணமும் ஒரு காரணம் என்று இன்றும் நம்புகிறேன்.

அமெரிக்கக் கார்களில் இசைத்தட்டு வாசிக்கும் கருவி இருந்ததாமே? குலுக்கலில் ஊசி துள்ளாதா?
– பொறியியல் மாணவி, வியாசர்பாடி

1956-ஆம் ஆண்டு மாடல்களில் கிரைஸ்லர் நிறுவனம் இதைக் கொடுத்தது. பெயர் 'ஹைவே ஹை-ஃபை'. வடிவமைத்தவர் பீட்டர் கோல்ட்மார்க். நீண்ட நேரம் பாடும் எல்பி தட்டை உருவாக்கியதில் முன்னின்றவரும் அவரே. எல்பி தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றும். கார்த் தட்டு அதில் சரிபாதியாக 16⅔ சுற்று. ஏழு அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் முக்கால் மணி நேரம் இசை ஓடும்படி பள்ளங்களை மிக நெருக்கமாகப் போட்டார்கள். டாஷ்போர்டுக்குக் கீழே, அதிர்வைத் தாங்கும் பெட்டிக்குள், எடை சமன் செய்த ஊசிக்கையோடு கருவி தொங்கியது.

ஊசி துள்ளாமல் இருந்தது மெத்தென்ற சஸ்பென்ஷன் உள்ள பெரிய கார்களில். அதே குழுமத்தின் விலை குறைந்த, சற்று விறைப்பான கார்களில் பொருத்தியபோது துள்ளியது. பழுதுக்கு வந்த வண்டிகள் மிகுந்தன. மேலும், இந்த அளவுத் தட்டை ஒரே ஒரு நிறுவனம்தான் வெளியிட்டது. வீட்டில் இருக்கும் தட்டு காரில் பாடாது, காரில் பாடுவது வீட்டில் பாடாது. 1950-களின் இறுதிக்குள் அது மறைந்தது. இந்தத் தோல்வியை நீங்கள் ஒரு பாடமாக எடுத்துப் படிக்கலாம். கருவியில் பிழை சிறிது, அதைச் சுற்றி இருந்த ஏற்பாட்டில்தான் பிழை பெரிது.

1957-ஆம் ஆண்டு காடிலாக் எல்டொராடோ புரோமில் வாசனைத் திரவியப் புட்டியும், நழுவாதபடி காந்தம் வைத்த டம்ளர்களும் இருந்தனவாம். பணக்காரர் பகட்டை ரசிக்க என்ன இருக்கிறது?
– வாசகர், கொருக்குப்பேட்டை

நியாயமான கோபம். 13,074 டாலர் விலையில், இரண்டு ஆண்டுகளில் 704 கார்கள் மட்டுமே செய்யப்பட்ட வண்டி அது. வாசனைப் புட்டிக்காக அதை நானும் போற்ற மாட்டேன். ஆனால் அதன் கூரை முழுவதும் துருப்பிடிக்காத எஃகு. முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவில் தூண் கிடையாது. இரண்டையும் திறந்தால் வீட்டுத் திண்ணை போல் விரிந்த வாசல். ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்று நிரப்பிய ரப்பர்க் குமிழ்களின்மேல் கார் நின்றது. காற்று கசிந்து கசிந்து, பல உரிமையாளர்கள் சாதாரணச் சுருள் ஸ்பிரிங்கையே மாட்டிக்கொண்டார்கள். ஆகவே, காற்றின்மேல் இன்றும் நிற்கும் எல்டொராடோ ஒன்றைக் கண்டால், அதைப் பராமரித்த மெக்கானிக்கின் பொறுமையைத்தான் நான் வணங்குவேன். அந்தத் தகட்டை மடித்தவரும் அந்தக் கசிவைத் தேடியவரும் உங்களையும் என்னையும் போன்ற தொழிலாளர்களே.

பழைய அமெரிக்கக் கார்களுள் தங்கள் மனத்துக்கு மிகவும் பிடித்தது எது?
– வாசகர், கொளத்தூர்

1928 டிசம்பரில் வந்த டியூசன்பர்க் ஜே. எட்டு சிலிண்டர், 265 குதிரைத்திறன். சிலிண்டர் ஒன்றுக்கு நான்கு வால்வுகள். ஆனால் என்னைக் கவர்ந்தது வேகமன்று. 700 மைல் ஓடியதும் எண்ணெய் மாற்றச் சொல்லியும், 1,400 மைல் ஓடியதும் பேட்டரியில் தண்ணீர் பார்க்கச் சொல்லியும் டாஷ்போர்டில் அதுவே விளக்கெரிக்கும். இந்தூர் மகாராஜா யஷ்வந்த்ராவ் ஹோல்கர் இந்த வகையில் ஒன்றை வரவழைத்து, லண்டனில் உடல் கட்டச் செய்தார்.

எங்கள் கொட்டகையில் 1950-ஆம் ஆண்டு பேக்கார்டு ஒன்று நிற்கிறது. பெட்ரோல் செலவைத் தாங்க முடியாமல் தாத்தா அதில் பெர்க்கின்ஸ் டீசல் இஞ்சினைப் பொருத்தினார். பழைய இஞ்சின் கோணிப்பைக்கு அடியில் கிடக்கிறது. எடைக்குப் போட்டால் கணிசமான தொகை தருவதாக ஒரு வியாபாரி சொல்கிறார். கொடுக்கலாமா?
– வாசகர், திருவொற்றியூர்

கொடுக்காதீர்கள். இதை உரிமையோடு சொல்கிறேன், தம்பி. எடைக்குப் போட்ட பேக்கார்டு இஞ்சினைத் திரும்ப வாங்க முடியாது. தாத்தா செய்தது தவறென்று நினைக்க வேண்டாம். அக்காலத்தில் அப்படிச் செய்ததனால்தான் பல அமெரிக்கக் கார்கள் உடைக்கப்படாமல் பிழைத்தன.

2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு கடந்த, அசல் நிலையில் உள்ள இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களுக்கு 'விஏ' என்னும் எழுத்துகளோடு தனிப் பதிவெண் கிடைக்கும். கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும்; புதுப்பிக்க 5,000 ரூபாய். கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் ஓட்டலாம், அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்டக்கூடாது. சேசிஸ், உடற்கூடு, இஞ்சின் ஆகியவற்றைப் பெரிதாக மாற்றியிருக்கக்கூடாது என்பது விதி. ஆகவே, கோணிப்பைக்கு அடியில் கிடப்பது வெறும் இரும்பாகாது. அந்தப் பதிவெண்ணுக்கான வழியே அதுதான்.

அவசரப்பட்டு இஞ்சினைச் சுழற்றாதீர்கள். ஒரே வரிசையில் நிற்கும் எட்டு சிலிண்டர்களின் பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொன்றிலும் சிறிது எண்ணெய் ஊற்றிச் சில நாள் ஊற விடுங்கள். பிறகு கையால் திருப்பிப் பாருங்கள். அந்த ஆண்டுப் பேக்கார்டுக்கு ஆறு வோல்ட் பேட்டரி. அதிலும் நேர்முனைதான் உடலோடு இணையும். இக்காலப் பழக்கத்தில் மாற்றி இணைத்துவிட்டால் மின்கருவிகள் பாழாகும். உங்கள் ஊரில் உப்புக்காற்று இரவும் பகலும் வீசுவதால், காரைப் பிளாஸ்டிக் உறையால் மூட வேண்டாம். ஈரம் உள்ளேயே தங்கிவிடும். பருத்தித் துணி போதும். கதவுகளின் அடியில் உள்ள நீர்வடி துளைகள் மண்ணால் அடைபட்டிருக்கும், ஒரு கம்பியால் குத்தி விடுங்கள்.

இன்னொன்றையும் தேடிப் பார்க்க வேண்டும். பேக்கார்டு 1949-இல் 'அல்ட்ராமேட்டிக்' என்னும் தானியங்கிக் கியர்ப்பெட்டியைத் தானே உருவாக்கியது. உங்கள் காரில் அது இருந்திருந்தால், டீசல் இஞ்சினைப் பொருத்தியபோது தாத்தா அதையும் கழற்றியிருக்க வேண்டும். அந்தக் கோணிப்பைகளுக்குப் பக்கத்திலேயே அது இருக்கக்கூடும். தானியங்கிக் கியருக்குக் கிளட்ச் பெடல் தேவையில்லை. ஆகவே, கிளட்ச் பெடலுக்கான தடம் காரில் தொடக்கத்திலிருந்தே உள்ளதா, பிறகு துளைத்ததா என்று பார்த்தால் எந்தக் கியர்ப்பெட்டி இருந்தது என்று தெரிந்துவிடும். இஞ்சினில் எண் பொறித்த இடத்தை உளியாலோ உப்புத்தாளாலோ சுரண்டாமல், மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து இதழின் முகவரிக்கு அனுப்புங்கள். ஆர்.சி. புத்தகத்தின் படியும் உடன் இருக்கட்டும். இரண்டு எண்களையும் ஒப்பிட்டு எழுதுகிறேன்.