உபதேசியார் வீட்டுப் பிள்ளையும் ஏழு நாள் கடனும்

அன்புள்ள சகோதரிக்கு, ஸ்தோத்திரம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்கள் கணவர் சபையில் ஊழியம் செய்யும் உபதேசியார். சென்னையில் விடுதியில் தங்கி பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கும் மகன், கைப்பேசிச் செயலி ஒன்றில் கடன் வாங்கி, அதை அடைக்க இன்னொன்றில் வாங்கி, இப்போது 14,000 ரூபாயில் வந்து நிற்கிறான். ‘ஊழியக்காரர் வீட்டுப் பிள்ளை இப்படிச் செய்யலாமா, நாங்கள் எங்கே தவறினோம்’ என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்குப் பதில் சொல்ல நான் ஆள் இல்லை. இரண்டாவதைப் பார்ப்போம்.

அதற்கு முன் அவசரமான காரியம். அவன் வாங்கிய முதல் கடன் 5,000. ‘சேவைக் கட்டணம்’ என்று 1,500 பிடித்துக்கொண்டு கையில் 3,500 கொடுத்திருக்கிறார்கள். ஏழாம் நாள் 5,000 கட்ட வேண்டும். அதாவது வாரத்துக்கு ஏறக்குறைய 43 சதவீத வட்டி. ஊரில் கந்துவட்டிக்கு விடுகிறவர்கூட இதைக் கேட்டால் கூச்சப்படுவார். வணிகவியல் படிக்கிற பையன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை என்பதுதான், முப்பது ஆண்டு அந்தப் பாடத்தை நடத்திய எனக்கு வலிக்கிறது.

இப்போது செய்ய வேண்டியது இது. அந்தச் செயலிகள் ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் உள்ள டிஜிட்டல் கடன் செயலிகளின் பட்டியலில் இருக்கின்றனவா என்று அவனையே பார்க்கச் சொல்லுங்கள். கைப்பேசியில் உள்ள தொடர்பு எண்களையும் படங்களையும் கடன் செயலிகள் எடுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே சொல்லிவிட்டது. ‘உன் அப்பாவுக்கும் சபை மக்களுக்கும் படம் அனுப்புவோம்’ என்று யாராவது மிரட்டினால், பயந்து மேலும் மேலும் பணம் அனுப்ப வேண்டாம். செய்திகளை அழிக்காமல் வைத்துக்கொண்டு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். முறையான நிறுவனத்தின் கடன் என்றால் அடைத்துவிட்டு, கணக்கு முடிந்ததற்கான சான்றை எழுத்தில் வாங்க வேண்டும். எதுவானாலும் மூன்றாவது கடன் கூடாது.

சான்றை வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. அவன் வங்கித் தேர்வு எழுதப் போவதாகச் சொல்கிறீர்கள். கடனைத் திருப்பிக் கட்டாதவர்கள், கடன் வரலாற்றைப் பதிவு செய்யும் சிபில் போன்ற அமைப்புகளில் பாதகமான பதிவு உள்ளவர்கள் ஆகியோருக்கு நியமனம் கிடையாது என்று ஸ்டேட் வங்கி தன் ஆள்சேர்ப்பு அறிவிப்புகளிலேயே அச்சிட்டிருக்கிறது. தேர்வில் தேறிய பிறகு இதில் மாட்டிக்கொண்டால் எங்கே போய் அழுவது?

இனி உங்கள் கேள்வி. அந்த முதல் 3,500 எதற்கு என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள்: கல்லூரி ஜெப ஐக்கியத்தின் முகாமுக்கு. சினிமாவுக்கும் அல்ல, சூதாட்டத்துக்கும் அல்ல. அப்பாவிடம் கேட்டால் இல்லை என்று சொல்ல அவருக்குக் கஷ்டமாக இருக்கும், நண்பர்களிடம் ‘என்னால் முடியாது’ என்று சொல்ல இவனுக்குக் கஷ்டம். இரண்டு கூச்சத்துக்கும் நடுவில் செயலி புகுந்துவிட்டது.

நம் வீடுகளில் பணத்தைப் பற்றிப் பேசுவதே விசுவாசக் குறைவு என்பதுபோல வளர்த்துவிட்டோம். சின்ன வயதில் ஆலயத்தில் காணிக்கைப் பை வரும்போது, நீங்கள் உள்ளங்கையில் வைத்த நாணயத்தை அவன் போட்டான். அது உங்கள் காணிக்கைதான். தசமபாகம் கொடுக்கச் சொல்லிக்கொடுத்தோம், மிச்ச ஒன்பது பாகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்ற வேதப் பகுதியில் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். எல்லாம் சீஷத்துவத்தைப் பற்றி. சரிதான், ஆனால் அதில் கணக்கும் இருக்கிறதே!

நம் திருநெல்வேலிச் சீமையின் பெண்களுக்கு இது தெரிந்திருந்தது. உலையில் போடுவதற்கு முன் ஒரு பிடி அரிசியைச் சபைக்கென்று தனியாக எடுத்து வைத்தார்கள். சாப்பிட்டு மிஞ்சியதை அல்ல. அந்தப் பழக்கம் பையனின் பணத்துக்கும் வர வேண்டும்.

அவன் கேட்கும்போதெல்லாம் 200, 300 என்று கூகுள் பேயில் அனுப்புவதை நிறுத்துங்கள். மெஸ் கட்டணம் போக மாதம் 2,000 முடியும் என்றால், அதை ஒன்றாம் தேதி மொத்தமாக அனுப்பிவிடுங்கள். காணிக்கையையும் அதிலிருந்து அவனே எடுக்கட்டும். இருபதாம் தேதியே தீர்ந்துவிட்டால் பத்து நாள் சிரமப்படட்டும். எனக்கு மணியார்டர் வந்த காலத்தில் கடைசி வாரம் முழுக்க நடைதான், செத்துவிடவில்லை.

அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்ததால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 அவன் கணக்குக்கு வருகிறது என்றீர்கள். கடனில் முறையானதை இப்போது நீங்கள் அடைத்துவிடுங்கள். ஆனால் இனாமாக அல்ல. மொத்தம் 14,000 என்றால் அந்த ஆயிரத்தைப் பதினான்கு மாதம் உங்களுக்குத் திருப்பட்டும்.

பிறகு, அவன் படிப்புக்கு வாங்கியிருக்கும் கல்விக் கடன். ஆண்டுக்கு ஒரு லட்சம், மூன்று ஆண்டு. பத்து சதவீதத் தனிவட்டி என்று வைத்தால், படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத் தவணை தொடங்கும்போது அந்த 3 லட்சம், 3,90,000 ரூபாயாக ஆகியிருக்கும். இது அவனுக்குத் தெரியுமா? தெரியாது என்றே நினைக்கிறேன். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வரும்போது வங்கி ஏட்டையும் உங்கள் கணவரின் சம்பளக் கணக்கையும் அவன் முன்னால் வைத்து, மாதம் எவ்வளவு வருகிறது, எவ்வளவு போகிறது என்று அவனையே கூட்டச் சொல்லுங்கள். உபதேசியார் சம்பளத்தை மகனிடம் காட்ட அவருக்கு மனம் வராது. நீங்கள்தான் பேசிச் சம்மதிக்க வைக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. கடனிலிருந்து மீள வழி என்று ‘நம்ம சபைப் பிரதர்’ ஒருவர் ஆள் சேர்க்கும் திட்டத்தோடு வரலாம். ஆள் சேர்த்தால் பணம் என்ற திட்டங்களை 1978-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது. ‘விதைத்தால் நூறு மடங்கு’ என்று காணிக்கை கேட்கும் மேடைகளையும் இதே வரிசையில்தான் வைக்கிறேன். உங்கள் கணவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன்.

கைப்பேசியைப் பிடுங்கிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம், பஸ் டிக்கெட்டுக்கும் அதுதான் இன்று பணப்பை. நடந்ததைச் சபையில் சாட்சியாகச் சொல்லச் சொல்லலாமா என்ற கேள்விக்கும் அதே பதில். பதினான்காவது தவணை கட்டிய பிறகு, விருப்பம் இருந்தால், அவனே வாலிபர் கூட்டத்தில் எழுந்து அந்த 43 சதவீதக் கணக்கைப் பலகையில் எழுதிக் காட்டட்டும்.