பேனா போன வழி – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஜப்பானில் கனாஸாவா நகரில் இருக்கும் ஓர் அம்மையாரோடு கடித நட்பு வைத்திருக்கிறேன். எழுபது வயதைத் தாண்டியவர். மைப் பேனாவால் மேலிருந்து கீழாக எழுதுவார். நான் ஜப்பானிய மொழித் தேர்வில் என்4 நிலை முடித்தவன், பாடப்புத்தகம் வாசிப்பதில் சிரமம் இல்லை. ஆனால் அவர் கடிதத்தில் பாதி எழுத்து பிடிபடுவதே இல்லை. ஃபோன் கேமராவைக் காட்டினால் அது ஏதேதோ சொல்கிறது. ஒருமுறை ‘என் அக்காவுக்கு 81 திறமை’ என்று மொழிபெயர்த்தது! நவம்பர் கடிதத்தில் இரண்டு இடத்தில் வரும் ஒரு சொல்லையும், கடித உறையையும் படமெடுத்து இணைத்திருக்கிறேன். அச்சு எழுத்து மாதிரி பிரித்து எழுதச் சொல்லி அவரைக் கேட்கலாமா, தவறாக நினைப்பாரா? பழைய கையெழுத்தைப் படிக்க மிவோ என்று ஒரு செயலி இருக்கிறதாமே, அது உதவுமா?

க., திருச்சி

அன்புள்ள க.,

மிவோவை முதலில் முடித்துவிடுகிறேன். 2021-இல் வந்த நல்ல செயலி, ஆனால் பழைய சுவடிகளுக்கும் நூல்களுக்குமானது. ஓர் ஒலிக்கு ஒரு ஹிராகனா (ஜப்பானிய ஒலியெழுத்து) வடிவம்தான் என்று 1900-இல் பள்ளிகளுக்கு வரையறுத்தார்கள். அதற்கு முன் ஒரே ஒலிக்குப் பல வடிவங்கள் புழங்கின. உங்கள் தோழி எழுதுவது அந்தக் காலத்து எழுத்து இல்லை. கோடு கோடாகப் பிரித்து எழுதினால் கைஷோ, கொஞ்சம் ஓடவிட்டால் கியோஷோ. இவருடையது கியோஷோ. நல்ல, பழகிய கை.

நீங்கள் எழுத்தைப் படமாகப் பார்க்கிறீர்கள். பேனா போன வழியாகப் பார்க்க வேண்டும். கியோஷோவில் பேனா தாளை விட்டு முழுசாக எழும்பாமலே அடுத்த கோட்டுக்குப் போகும். அதனால் அச்சில் இல்லாத இணைப்புகள் முளைக்கும், மூன்று கோடு ஒன்றாகிவிடும். ஆனால் எந்தக் கோட்டுக்குப் பின் எது என்ற வரிசை பெரும்பாலும் மாறாது. வாசிக்க மட்டும் கற்றவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். என்4 தேர்வில் கையால் ஓர் எழுத்துகூட எழுத வேண்டாம், விடைக்கு உரிய வட்டத்தைக் கருப்பாக்கினால் போதும் அல்லவா?

உங்கள் கையில் இருக்கும் சாவி அந்த உறைதான். அனுப்புநர் முகவரியில் ஏழு இலக்க அஞ்சல் எண் இருக்கிறது. அதை ஜப்பான் அஞ்சல் துறையின் தளத்தில் போட்டால் மாநிலம், நகரம், பகுதி வரை அச்செழுத்தில் வந்துவிடும். அதைக் கையெழுத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கனாஸாவா இருக்கும் மாநிலமான ‘இஷிகாவா’வின் முதல் எழுத்துக்குப் பொருள் கல், அதில் ஒரு சிறு பெட்டி உண்டு. அந்த அம்மா பெட்டியைக் கிட்டத்தட்ட வட்டமாகச் சுழித்துவிடுகிறார். ‘கனாஸாவா’வின் இரண்டாம் எழுத்தில் இடப்பக்கம் மூன்று நீர்த்துளிகள். அவர் ஒரு புள்ளி வைத்து, மற்ற இரண்டையும் ஒரே இழுப்பில் கீழே கொண்டுபோய் வலப்பக்கம் சுண்டிவிடுகிறார். கடல், வெந்நீர், கண்ணீர் எல்லாவற்றிலும் அந்தத் துளிகள் வரும். கடிதத்தில் இதே நெளிவைத் தேடுங்கள், நிறையக் கிடைக்கும். (உறைப் படத்தை இங்கே வெளியிடவில்லை. வேறு யாருக்காவது அனுப்பினால் நீங்களும் முகவரியை மறைத்துவிடுங்கள்.)

அடுத்த சாவி உங்கள் பெயர். அதைக் கட்டகானாவில் (பிறமொழிப் பெயர்களுக்கான ஒலியெழுத்து) எழுதுகிறார், அது ‘ன்’ என்று முடிகிறது. ‘ன்’னும் ‘ஸோ’வும் ஒரு சிறு கீறல், ஒரு நீளக் கோடு, அவ்வளவுதான். ‘ன்’னில் நீளக் கோடு கீழே தொடங்கி வலப்புறமாக மேலே போகும். ‘ஸோ’வில் மேலே தொடங்கிக் கீழே இறங்கும். மை கனமாக இருக்கும் முனை தொடக்கம், மெலிந்து ஓடும் முனை முடிவு. ‘ஷி’, ‘த்ஸு’ குழப்பத்துக்கும் இதே வைத்தியம்.

சரி, அந்த நவம்பர்ச் சொல்லுக்கு வருவோம். முதல் எழுத்தின் மேல்பாதி ‘மழை’. அச்சில் அதற்குள் நான்கு புள்ளி இருக்கும், இவர் இரண்டு கீறலோடு நிறுத்திவிட்டார். கீழ்ப்பாதி கட்டகானா ‘யோ’ மாதிரி இருக்கிறது. ஆக, யுகி, பனி. இரண்டாவது எழுத்தின் மேலே ஒரு வட்டம் தெரிகிறதா? உறையில் பார்த்த அதே பெட்டிதான். கீழே நடுக்கோடு நீளமாக இறங்குகிறது. தொங்கவிடுவதைக் குறிக்கும் எழுத்து. 2,136 எழுத்துள்ள அரசின் பொதுப் பட்டியலில் இது இல்லை, அதனால் நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. கடைசியில் இரண்டு தனிக்கோடுகளாக ஒரு ‘ரி’. சேர்த்தால் யுகித்ஸுரி.

கனாஸாவாவின் கென்ரோகுஎன் தோட்டத்தில் ஆண்டுதோறும் நவம்பர் 1 அன்று இந்த வேலையைத் தொடங்குவார்கள். மரத்தை ஒட்டி உயரமான கம்பம் நட்டு, அதன் உச்சியிலிருந்து கயிறுகளைக் குடை போல விரித்துக் கிளைகளைக் கட்டுவார்கள். அங்கே விழும் பனி ஈரமானது, கனமானது. கட்டாவிட்டால் கிளை முறியும். அந்த ஊர்க்காரர் நவம்பரில் எழுதும் கடிதத்தில் இது வராமல் போனால்தான் ஆச்சரியம். ஜப்பானியக் கடிதம் பருவநிலையைச் சொல்லித்தான் வழக்கமாகத் தொடங்கும். அதனால் முதல் சில வரிகளைப் படிக்கும் முன் தேதியையும் அந்த ஊரின் வானிலையையும் பார்த்துக்கொள்ளுங்கள், பாதி வேலை முடிந்துவிடும்.

அக்காவின் 81 திறமைக்கு ஃபோனைக் குறை சொல்ல முடியாது. வயதைக் குறிக்கும் ‘ஸாய்’ எழுத 13 கோடு வேண்டும். அதனால் கையால் எழுதுபவர்கள் அதே ஒலியுள்ள, மூன்றே கோட்டில் முடியும் இன்னோர் எழுத்தைப் போட்டுவிடுவார்கள். அதன் சொந்தப் பொருள் திறமை. வாயிற்கதவு வடிவமும் இப்படித்தான்: எட்டுக் கோடு என்று அகராதி சொல்லும், கையெழுத்தில் ஒரு புள்ளியும் ஒரு சட்டமுமாகச் சுருங்கிவிடும். ‘நேரம்’, ‘கேட்பது’, ‘செய்தித்தாள்’, ‘கேள்வி’ எல்லாவற்றிலும் அது உண்டு என்பதால் முதலில் அதைப் பழகிக்கொள்ளுங்கள். அப்புறம், அகராதிச் செயலியில் விரலால் எழுதும் பெட்டி இருக்குமே, அதில் எழுத்தைப் பார்த்து வரையாதீர்கள். கோட்டு வரிசைப்படி எழுதுங்கள். கோணல்மாணலாக இருந்தாலும் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடும்.

பிரித்து எழுதச் சொல்லலாமா என்றால், சொல்லலாம். கோபித்துக்கொள்ள மாட்டார். ஆனால் நானாக இருந்தால் சொல்ல மாட்டேன். அவர் ஒவ்வோர் எழுத்தையும் பார்த்துப் பார்த்து எழுத ஆரம்பித்தால் நான்கு பக்கக் கடிதம் ஒரு பக்கமாகிவிடும், அக்காவின் கதையெல்லாம் வராது. அதற்குப் பதில், புரியாத எழுத்தைப் பார்த்து எழுதி, ‘இதை எப்படி வாசிக்க வேண்டும்?’ என்று உங்கள் பதிலிலேயே கேளுங்கள். கடிதத்துக்கு இரண்டு மூன்று போதும். பக்கத்தில் ஹிராகனாவில் வாசிப்பைப் போட்டு அனுப்பிவிடுவார்.

நீங்கள் அனுப்பிய பக்கத்தில் மூன்றாவது வரியின் கடைசி எழுத்து எனக்கும் பிடிபடவில்லை. அதையே முதலில் கேளுங்கள். பதில் வந்ததும் எனக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.